வெனிஸ் மன்னருக்குப் போட்ட கடிவாளம்

1797 வரை இத்தாலியில் இருந்த வெனிஸ் குடியரசின் தலைவருக்கு டோஜே என்று பெயர். ஆயுள் முழுவதும் பதவி, பெரிய அரண்மனை, நாணயத்தில் பெயர் எனப் பார்வைக்கு அசல் மன்னர். ஆனால் தனக்கு வந்த அரசாங்கக் கடிதத்தை அவர் தனியாகப் பிரித்துப் படிக்கக் கூடாது. ஆலோசகர்கள் அருகில் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் தூதரைத் தனியே சந்திக்கவும் தடை.

அரசருக்குரிய பகட்டு வேண்டும், அரச குடும்பம் மட்டும் வேண்டாம். வணிகப் பிரபுக்களின் இந்த ஆசைக்கு 1268-இல் ஒரு தேர்தல் முறை பிறந்தது. பிரபுக்களின் பெரும் சபையிலிருந்து குலுக்கலில் 30 பேர். மறுபடி குலுக்கினால் 9 பேர். இந்த ஒன்பது பேர் வாக்களித்து 40 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாற்பது குலுக்கலில் 12 ஆகும், பன்னிரண்டு வாக்கில் 25 ஆகும், பிறகு 9, பிறகு 45, பிறகு 11. அந்தப் பதினொரு பேர் தேர்ந்தெடுக்கும் 41 பேர்தான் டோஜேவைத் தேர்ந்தெடுப்பவர்கள். வெல்ல 25 வாக்குகள் வேண்டும். தலை சுற்றுகிறதா? சுற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். கடைசி 41 பேர் யாரென்று முன்கூட்டியே தெரியாதபோது யாருக்கு லஞ்சம் கொடுப்பது? குலுக்கல் சதியைக் கலைத்தது. இடையிடையே வந்த வாக்கெடுப்பு தகுதியற்றவர்களைச் சலித்தது. குலுக்கலுக்குரிய உருண்டைகளை எடுத்தது, தெருவிலிருந்து அழைத்து வந்த ஒரு சிறுவன்!

கடிவாளத்தை அறுக்கப் பார்த்தவரும் உண்டு. தானே முழு அதிகாரியாகச் சதி செய்த டோஜே மரினோ ஃபாலியேரோவின் தலை 1355-இல் துண்டிக்கப்பட்டது. அரண்மனையின் டோஜேக்கள் ஓவிய வரிசையில் அவர் இடத்தில் இன்றும் கறுப்புத் திரைதான் தீட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் டோஜே வெறும் பொம்மையா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆலோசகர்கள் சில மாதங்களில் மாறினார்கள், அரசின் பாதுகாப்பைக் கவனித்த பத்துப் பேர் சபை ஆண்டுதோறும் மாறியது. டோஜே மட்டும் மாறவில்லை. நேற்றைய பேச்சுவார்த்தையும் பத்தாண்டுக்கு முந்தைய பகையும் நினைவிலிருந்த மனிதரின் சொல்லுக்குச் சபையில் எடை இருக்காதா? பிரான்செஸ்கோ ஃபொஸ்காரி 1423 முதல் 34 ஆண்டுகள் அந்த இருக்கையில் அமர்ந்து, இத்தாலிய நிலப்பகுதியில் நீண்ட போர்களை நடத்தினார். அவரையும் 1457-இல் பத்துப் பேர் சபை வற்புறுத்திப் பதவி விலக வைத்தது. சில நாட்களிலேயே அவர் இறந்தார். மனைவி எதிர்த்தும் கேளாமல், பதவியில் இருக்கும் டோஜேவுக்குரிய முழு ஆடம்பரத்தோடு அரசே இறுதி ஊர்வலம் நடத்தியது.