மலிவான மவுத் ஆர்கனில் மூச்சு எங்கே வீணாகிறது?

பத்துத் துளை மவுத் ஆர்கனைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதிகம் இருக்காது. பத்து அறைகள் கொண்ட ஒரு நடுச்சட்டம், அதன் மேலும் கீழும் தலா ஒரு பித்தளைத் தகடு, வெளியே இரண்டு உறைகள், அவ்வளவுதான். ஒவ்வொரு தகட்டிலும் பத்து நீளப் பிளவுகள் இருக்கும். ஒரு முனை மட்டும் அறையப்பட்ட மெல்லிய உலோக நாக்கு, அதாவது ரீட், ஒவ்வொரு பிளவின் மேலும் நிற்கும். மேல் தகட்டு ரீடுகள் ஊதும்போதும், கீழ்த் தகட்டு ரீடுகள் உறிஞ்சும்போதும் ஒலிக்கும்.

ஊதினால் அறைக்குள் அழுத்தம் கூடி, ரீடைப் பிளவுக்குள் தள்ளுகிறது. வழி அடைபடுகிறது. ரீட் தன் விறைப்பால் திரும்பி வர, வழி மறுபடி திறக்கிறது. சி சுருதிக் கருவியின் 4ஆம் துளையில் இது நொடிக்குச் சுமார் 523 முறை நடக்கும். வழி நன்றாக அடைபட்டால்தான் ஒலி உடனே கிளம்பும்.

ரீடின் ஓரத்துக்கும் பிளவின் விளிம்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். மலிவான கருவியில் அது அகன்றிருக்கும். நடுச்சட்டம் சமமாக இல்லாவிட்டால் தகட்டுக்கு அடியிலும் காற்று கசியும். ஒலி வரவில்லையே என்று ஓங்கி ஊதுவோம். அதனால் ரீடின் அடிப்பகுதி களைத்து, சுருதி இறங்கி, ஒரு நாள் ஒடிந்தே போகும்.

இதைவிடப் பெரிய இழப்பு கற்பதில் இருக்கிறது. சி கருவியில் சி-யை ஷட்ஜமாக வைத்தால், முதல் மூன்று துளைகளில் ஊதினால் ச, க, ப. உறிஞ்சினால் ரி, ப, நி. கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் கிடையாது. 2ஆம் துளையை உறிஞ்சியபடி நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி இரண்டு அரைச்சுரம் இறக்கினால் ம வரும். 3ஆம் துளையில் அதே அளவு இறக்கினால் த. இதுதான் பெண்டிங். அப்போது உறிஞ்சும் ரீடோடு அதே அறையின் ஊதும் ரீடும் சேர்ந்து இயங்குகிறது. கசிவுள்ள அறையில் அந்த இரண்டாவது ரீட் அசையவே மறுக்கும். குறை தன் வாயிலா கருவியிலா என்று புதியவருக்குத் தெரிய வழியில்லை. பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

ஆகவே முதல் கருவிக்கே கொஞ்சம் கூடுதலாகச் செலவிடுங்கள். ஹோனர் ஸ்பெஷல் 20, லீ ஆஸ்கர் போன்ற பிளாஸ்டிக் நடுச்சட்டக் கருவிகள் போதும். எச்சிலில் ஊறி உப்பாது. சி சுருதியே வாங்குங்கள். அதற்கு மேல் கைவேலை செய்த விலையுயர்ந்த வகைகள் தரும் நுட்பத்தை ஆரம்பத்தில் உணரக்கூட முடியாது. கடைகளில் நிறையக் கிடைக்கும் 24 துளை ட்ரெமலோ வேறு வகை. சற்றே விலகிய சுருதியில் இரண்டிரண்டு ரீடுகள் சேர்ந்து அதிரும் இனிமை அதற்கு உண்டு, மெட்டு வாசிக்கவும் நல்லது. ஆனால் ஊதும் ரீடும் உறிஞ்சும் ரீடும் தனித்தனி அறைகளில் இருப்பதால் இந்தப் பெண்டிங்கை அதில் பழக முடியாது.

நல்ல கருவியிலும் 2ஆம் துளையை உறிஞ்சினால் முதலில் கம்மலாகத்தான் கேட்கும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் 1, 2, 3 துளைகளைச் சேர்த்து மெதுவாக உறிஞ்சுங்கள். மூன்றும் தெளிவாக ஒலித்து, 2 தனியாக மட்டும் திணறினால் கருவி சரி. தாடையைத் தளர்த்தி, நாக்கைக் கீழே படுக்கவிட வேண்டும்.

மூன்றிலும் திணறினால் உறையைக் கழற்றி ரீடின் நுனியைப் பாருங்கள். தகட்டிலிருந்து ஏறக்குறைய ரீடின் கனம் அளவுக்கு அது எழும்பி நிற்க வேண்டும். கீழ்ச் சுரங்களுக்குச் சற்றுக் கூடுதல். குறைந்தால் வேகமாக உறிஞ்சியதும் அடைத்துக்கொள்ளும், கூடினால் மூச்சைத் தின்னும். பல் குச்சியால் மிக மென்மையாக, துளித் துளியாக வளைத்துச் சரிசெய்யலாம்.