கொழுந்துக் கணக்கை டிஸ்ட்ரக்டரிடம் ஒப்படைக்காதீர்கள்

பின்னேர மழையும் இடியும் தொடங்கிவிட்டால் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எனக்கு வருவது ஒரே முறைப்பாடுதான்: கரண்ட் போனது, திரும்ப வந்தது, நிறை பார்த்த கொழுந்தின் கணக்கைக் காணவில்லை. இந்த முறை பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வந்த டி.எல்.எல்லை (விண்டோஸ் ப்ரோகிராம் ஏற்றிக்கொள்ளும் லைப்ரரி ஃபைலை) திறந்து பார்த்தேன். மடுவத்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகையின்) டிஜிட்டல் தராசிலிருந்து நிறையை வாங்கி மெமரியில் சேர்த்துக்கொண்டே போகிறது, ஃபைலில் எழுதும் வேலை முழுவதும் ஒரு குளோபல் ஆப்ஜெக்டின் டிஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷனில்). அதாவது ப்ரோகிராமை மூடும் வரை ஒரு கிலோகூட டிஸ்கில் இல்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிற தோட்டத்தில், நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த அக்காமாரின் சம்பளம் அது. எழுதிய தம்பியைக் கேட்டால், "டிஸ்ட்ரக்டர் எப்படியும் ஓடும்தானே அண்ணா" என்கிறார்.

ஓடாது தம்பி. ப்ரோகிராமின் முதன்மை ஃபங்ஷனான மெயின் ஒழுங்காக முடிந்தாலோ, யாராவது எக்ஸிட்டை அழைத்தாலோதான் ஓடும். அப்போதுதான் முடிவில் அழைக்கச் சொல்லி எட்எக்ஸிட்டில் பதிந்தவையும், லைப்ரரிகளின் முடிவு ஃபங்ஷன்களின் பட்டியலான ஃபினி-அரேயில் உள்ளவையும் அழைக்கப்படும். கரண்ட் போனால் ஓடாது. டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸைக் கொன்றால் ஓடாது. லினக்ஸில் கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 கொடுத்தால் ஓடாது, மெமரி தீர்ந்து ஓ.எஸ்ஸின் மையமான கர்னலே கொன்றாலும் அதே சிக்னல்தான், ஓடாது. செக்மென்டேஷன் ஃபால்ட், அபோர்ட், அண்டர்ஸ்கோர் போட்ட எக்ஸிட், எதிலும் ஓடாது. சரி, லைப்ரரியை இறக்கும் டி.எல்குளோஸ் பண்ணினால் ஓடுமே என்பீர்கள். வேறு யாரும் அந்த லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருந்தால் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வராது. சில லினக்ஸ்களில் இருக்கும் மசல் சி-லைப்ரரியிலோ டி.எல்குளோஸ் எதையும் இறக்குவதே இல்லை.

ஒழுங்காக மூடினாலும் விண்டோஸில் நிம்மதி கிடையாது. ப்ராசஸ் முடியும்போது மற்ற த்ரெட்களை (ப்ரோகிராமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகளை) எல்லாம் முதலில் நிறுத்திவிட்டுத்தான், டி.எல்.எல் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓ.எஸ் அழைக்கும் டி.எல்.எல்.மெயினுக்கு, முடிகிறது என்ற டிடாச் செய்தி வருகிறது. நிறுத்தப்பட்ட த்ரெட் ஒன்று ஏதாவது லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கும் பூட்டை) பிடித்திருந்தால் அதைத் திறந்துவிட இனி ஆளில்லை. அந்த நேரத்தில் ஃபைலைத் திறந்து, பஃபரைக் காலி பண்ணி என்று வேலை தொடங்காதீர்கள். எதுவும் செய்யாமல் திரும்பிவிடுங்கள், மெமரியை ஓ.எஸ் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் தொடக்கம். அதே டி.எல்.எல்லின் வேறொரு பதிப்பு, டி.எல்.எல்.மெயினுக்குள்ளேயே சீரியல் போர்ட்டைத் திறந்து, தராசைப் படிக்க ஒரு த்ரெட்டையும் தொடங்கி, "ரெடி" என்று அது சொல்லும் வரை காத்திருக்கிறது. டி.எல்.எல்களை ஏற்றுவதற்கான லோடர் லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் விண்டோஸ் டி.எல்.எல்.மெயினை அழைக்கிறது, புதிய த்ரெட் ஓடத் தொடங்கவும் அதே லாக் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும், ப்ரோகிராம் திறக்காது. தோட்ட ஆபீசில் கணினி பழுது என்று நினைத்து விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார்கள், பாவம். லினக்ஸில் லைப்ரரி ஏறும்போதே ஒரு ஃபங்ஷனை ஓட வைக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஆட்ரிபியூட்டுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் வெவ்வேறு சி-ப்ளஸ்-ப்ளஸ் ஃபைல்களில் உள்ள குளோபல்கள் எந்த வரிசையில் உருவாகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒன்றின் கன்ஸ்ட்ரக்டர் இன்னொன்றைத் தொட்டால், இன்று ஓடுவது நாளை லிங்க் வரிசை மாறும்போது விழும்.

ஆகவே லைப்ரரிக்கு வெளிப்படையாக ஒரு தொடங்கும் ஃபங்ஷனும் ஒரு மூடும் ஃபங்ஷனும் கொடுங்கள். போர்ட், த்ரெட், நெட்வொர்க் எல்லாம் அங்கே. ஒரே தடவை நடக்க வேண்டியதற்கு கால்-ஒன்ஸ் இருக்கிறது, பிதிரெட்-ஒன்ஸ் இருக்கிறது. கன்ஸ்ட்ரக்டரில் ஒரு வேரியபிளுக்கு மதிப்புக் கொடுப்பதற்கு மேல் போகாதீர்கள்.

கணக்கு மட்டும் மூடும் ஃபங்ஷனையும் நம்பி இருக்கக் கூடாது. ஒரு கூடை தராசில் ஏறி இறங்கியதும் அந்த வரி டிஸ்கில் இருக்க வேண்டும். எஃப்ஃப்ளஷ் போதாது, அது கர்னல் வரைதான் கொண்டுபோகும்; எஃப்சிங்க் பண்ணுங்கள், விண்டோஸ் என்றால் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ். எஸ்கியூலைட் டேட்டாபேஸை வால் முறையில் (மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறையில்) வைத்திருந்தால் சிங்க்ரோனஸை நார்மலில் விடாமல் ஃபுல்லுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது கடைசி வரிகள் போகலாம். வேகம் குறையும் என்ற பயம் வேண்டாம், ஒரு கூடையை நிறுக்கும் நேரத்துக்கு முன்னால் ஒரு எஃப்சிங்க் ஒன்றுமே இல்லை. யு.பி.எஸ் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று இதைத் தவிர்க்காதீர்கள், பேட்டரி இறந்த யு.பி.எஸ்களை எத்தனை ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸில் சோதிப்பவர்கள் எல்.டி-டிபக் என்ற என்விரன்மென்ட் வேரியபிளை லிப்ஸ் என்று வைத்து ஓட்டுங்கள், எந்த லைப்ரரியின் இனிட்டும் (தொடக்கமும்) ஃபினியும் (முடிவும்) எப்போது அழைக்கப்படுகின்றன என்று வரிவரியாகக் காட்டும். பிறகு அதே ப்ரோகிராமைக் கில் மைனஸ் 9ஆல் கொன்று பாருங்கள், ஃபினி வரிகளே வராது. கடைசியாக, நிறுவை ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்குங்கள். தராசில் அப்போது இருந்த கூடையைத் தவிர வேறு ஒரு வரி குறைந்தாலும், தயவுசெய்து அந்த லைப்ரரியைத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டாம்.