மாய உலகங்கள் ஏன் அடிக்கடி உடைகின்றன

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை விளையாடியவர்களுக்குக் கார்சஸ் என்ற பெயர் பழக்கமாக இருக்கும். நெதெரில் பேரரசின் மந்திரவாதிகளில் அவனை மிஞ்ச ஆளில்லை. அந்த நாட்டவர் மலையுச்சிகளை வெட்டியெடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து வானில் மிதக்கவிட்டு, மேலே வந்த தட்டையான பரப்பில் நகரம் கட்டி வாழ்ந்தார்கள். பேரரசு ஆட்டங்கண்டபோது கார்சஸ் பன்னிரண்டாம் நிலை மந்திரம் ஒன்றைப் போட்டு, மந்திரத்துக்கே அதிபதியான தேவியின் ஆற்றலைப் பறித்தான். உலகெங்கும் பரவிக் கிடக்கும் மாய நெசவை ஓயாமல் ஒட்டுப்போட்டுக் காப்பது அந்தத் தேவியின் வேலை. அது இவனால் ஆகிற காரியமா? நெசவு கிழிந்து உலகமே போய்விடாமல் இருக்க, தேவி தன் உயிரைக் கொடுத்து அவனுக்கும் நெசவுக்கும் இருந்த தொடர்பை அறுத்துவிட்டாள். மந்திரம் நின்றது, நகரங்கள் விழுந்தன. மறுபிறவி எடுத்தவள் மூன்றே நகரங்களைத் தரையில் மோதுமுன் தாங்கிப் பிடித்தாள்.

சரி, இப்படி ஒரு நகரம் விழுந்தால் உண்மையில் என்ன ஆகும்? பினாங்கின் கொடிமலையை எடுத்துக்கொள்வோம். உயரம் 833 மீட்டர், கருங்கல் மலை. அதிலிருந்து ஒரு கன கிலோமீட்டர் பாறையைப் பெயர்த்தால் எடை ஏறக்குறைய 2.7 பில்லியன் டன் வரும். ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்து கைவிட்டால் 14 நொடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். வெளிப்படும் ஆற்றல் சுமார் 6 மெகாடன் டிஎன்டி, அதாவது ஹிரோஷிமாவில் போட்டது போல 400 குண்டுகள். ஜார்ஜ்டவுனும் ஆயர் ஈத்தாமும் மிஞ்சாது. ஆனால் கோலாலம்பூர்க்காரர் மறுநாள் வேலைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும்.

உலகத்தை உடைக்க வேண்டுமென்றால் உயரம் போதாது, வேகம் வேண்டும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளின் கதையில் இதை யோசித்து எழுதியிருக்கிறார்கள். வானிலிருந்து பாய்ந்து வந்த பார் டாவ் என்ற பாறையை, விவெக் என்ற தெய்வம் தன் நகரத்தின் தலைக்கு மேல் அந்தரத்தில் நிறுத்திவைத்தது. தெய்வம் காணாமல் போன பிறகு, உயிர்களை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்று சில காலம் பாறையைத் தாங்கியது. அதுவும் உடைந்தது. அப்போது பாறை சும்மா பொத்தென்று விழவில்லை. நிறுத்தப்பட்டபோது இருந்த பழைய வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கியது. நம் பூமியில் மோதும் விண்கற்கள் நொடிக்கு 20 கிலோமீட்டர் அளவில் வரும். நம்முடைய கொடிமலைத் துண்டின் வேகம் நொடிக்கு 140 மீட்டர்தான். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவதால், அதே பாறை விண்கல் வேகத்தில் வந்தால் அடி 20,000 மடங்கு. எழுதியவருக்கு இயற்பியலில் ஒரு கண் இருந்திருக்க வேண்டும்.

அந்த மோதலைத் தொடர்ந்து எரிமலை வெடிக்கிறது, சாம்பல் பக்கத்துத் தீவுவரை போய்ப் படிகிறது. அதே தொடரின் ஸ்கைரிம் விளையாட்டு நடக்கும் காலத்தில், இருநூறு ஆண்டுக்குப் பிறகும், சால்ஸ்தைம் தீவில் சாம்பல் மேடுகளில்தான் நடக்கிறோம்.

இது மிகையில்லை. பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சுமார் 350 கிலோமீட்டர் போனால் சுமத்ராவின் தோபா ஏரி. 100 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியே ஓர் எரிமலை வாய்தான். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது பறந்த சாம்பலைப் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் இன்றும் தோண்டி எடுக்கிறார்கள். சுமத்ராவில் காடு எரிந்தால் நமக்கு வரும் புகைமூட்டத்தில் சூரியன் ஆரஞ்சுப் பழம் போல ஆகிவிடும், பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், நல்ல மழை பெய்தால் தீர்ந்துவிடும். பெரிய எரிமலையின் கந்தக வாயு மழைமேகங்களுக்கும் மேலே போய்விடுவதால் அதைக் கழுவ மழை கிடையாது. நுண்துளிகளாக மாறி, ஓரிரு ஆண்டு அங்கேயே நின்று வெயிலைத் திருப்பி அனுப்பும். இந்தோனேசியாவின் தம்போரா 1815இல் வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை, பயிர் அழிந்தது.

ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் இந்தச் சாம்பலும் பஞ்சமும் வருவதில்லை. காரணம் சாதாரணமானது: உலகத்தை உடைப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது, விதிகளை மாற்ற வேண்டும். பால்டர்ஸ் கேட்டுக்கு மூலமான, விதிநூலை வைத்து விளையாடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மந்திரங்கள் ஒன்பதாம் நிலையோடு நிற்கின்றன. ஏன் அதற்கு மேல் இல்லை என்று விளையாடுகிறவர் கேட்டால் பதில் தயார்: கார்சஸ் செய்த கூத்துக்குப் பிறகு தேவி உச்சவரம்பு வைத்துவிட்டாள். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது கொலையாளி என்ற பாத்திர வகை நீக்கப்பட்டது. கதையில் பேன் என்ற கொடுங்கடவுள் சண்டைக்குப் பலம் தேடி நாட்டிலுள்ள கொலையாளிகள் அத்தனை பேர் உயிரையும் உறிஞ்சிவிட்டான்! 2008இல் நான்காம் பதிப்பு பழைய மந்திர முறையைத் தூக்கியெறிந்தது. கதையில் தேவி கொலையானாள், நீலத்தீ நாடுகளை எரித்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு பழைய முறைக்குப் பக்கத்தில் திரும்பி வந்தது, தேவியும் உயிரோடு வந்தாள். மந்திரம் முழுக்க ஒரே ஊற்றிலிருந்து வருவதாக முதலிலேயே எழுதிவைத்ததன் வசதி இதுதான். ஊற்றில் கைவைத்தால் போதும், விதிநூல் முழுவதும் மாறிவிடும்.

இந்த வித்தையில் என்னைக் கேட்டால் முதலிடம் இணையத்தில் பலர் சேர்ந்து விளையாடும் ஃபைனல் ஃபேன்டசி 14க்குத்தான். 2010 செப்டம்பரில் வெளிவந்த அது படுதோல்வி. ஓரத்தில் கிடக்கும் ஒரு பூந்தொட்டியை வரைய ஒரு முழுப் பாத்திரத்துக்கு ஆகிற அளவு பலகோணங்களை, அதாவது உருவத்தைக் கட்டும் சிறு துண்டுகளை, செலவழித்திருந்தார்கள்; கணினி திணறாமல் என்ன செய்யும்? பொறுப்பேற்ற நவோகி யோஷிடா பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டே, பின்னால் புதிதாக ஒன்றைக் கட்டத் தொடங்கினார். விளையாட்டுக்குள் தாலமுட் என்ற சிவப்பு நிலா ஒவ்வொரு அப்டேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. 2012 நவம்பர் 11 அன்று சர்வரை நிறுத்தினார்கள். பின்னால் வந்த காணொளியில் நிலா பிளந்தது, உள்ளே அடைபட்டிருந்த பஹமுட் என்ற டிராகன் வெளியேறி எல்லாவற்றையும் எரித்தது. 2013 ஆகஸ்டில் திறந்த புதிய உலகத்தில் கதைப்படி ஐந்து ஆண்டுகள் ஓடியிருந்தன.

அதே வகை இணைய விளையாட்டான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் கதை வேறு. 2004இல் அதன் பழைய கண்டங்களைத் தரையில் நடப்பவர்களுக்காகவே கட்டியிருந்தார்கள். மேலே பறந்து பார்த்தால் பல இடங்கள் பாதி கட்டிய செட்டாகத் தெரியும். 2010 இறுதியில் டெத்விங் என்ற டிராகனை விட்டு நிலத்தைப் பிளந்து, பேரன்ஸ் சமவெளியை இரண்டாக்கி, தௌசண்ட் நீடில்ஸ் பள்ளத்தாக்கில் கடலைப் புகுத்தி, எல்லாவற்றையும் பறப்பவர்களுக்கு ஏற்றபடி திருத்தினார்கள். பழைய நிலம் போனதில் பலருக்கு வருத்தம். 2019இல் அதைக் கிளாசிக் என்ற பெயரில் திருப்பித் தந்தார்கள். 2024இல் அதே டெத்விங் அந்தக் கிளாசிக் உலகத்தையும் உடைத்தான். தேதியை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள்.