சோழர் சுவர் குடித்த காற்று

“தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் பசையே கிடையாது என்கிறார்கள். பசை இல்லாமல் வண்ணப் பொடி சுவரில் எப்படி ஒட்டும்? ஒட்டினாலும் ஆயிரம் ஆண்டு எப்படித் தாங்கும்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு விடை ஏழாம் எட்டாம் வகுப்பு அறிவியலிலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கோயில் சுவரோடு சேர்த்து யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி, உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே குறுகலான, இருண்ட சுற்று ஒன்று ஓடுகிறது. 1010ஆம் ஆண்டு வாக்கில் ராஜராஜன் கோயிலை முடித்த காலத்தை ஒட்டி இதன் சுவர்களில் ஓவியம் தீட்டப்பட்டது. சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளக் கிழவராக வந்த சிவன் திருமண வீட்டில் ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். தில்லையில் ஆடவல்லான் ஆடுகிறார். எல்லாவற்றிலும் என்னைக் கட்டிப்போடுவது முப்புரம் எரித்த சிவனான திரிபுராந்தகர்தான்: பிரம்மா தேரோட்ட, எட்டுக் கைகளோடு வில்லேந்தி நிற்கிறார், எதிரே அசுரர்களும், அவர்களைப் பற்றிக்கொண்டு கலங்கும் பெண்களும். நாயக்கர் காலத்தில் இவற்றின் மேல் புதிதாகச் சாந்து பூசி வேறு ஓவியங்கள் வரைந்தார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, மேல் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். 1930களில் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ்.பரமசிவன் சாந்தையும் வண்ணத்தையும் சோதித்து, இது ஈரச் சாந்தின் மேல் வரையப்பட்ட ஃப்ரெஸ்கோ முறை என்று காட்டினார்.

எல்லாப் பழைய சுவரோவியமும் ஃப்ரெஸ்கோ அல்ல. அஜந்தாவில் மண் பூச்சு காய்ந்த பிறகு பசை கலந்த வண்ணத்தால் வரைந்தார்கள். பலகையில் தங்கத் தகடு ஒட்டிச் செய்கிற ‘தஞ்சாவூர் ஓவியம்’ முற்றிலும் வேறு கலை, வேறு காலம்.

இனி சுண்ணாம்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லில் 44 கிலோ இப்படிக் காற்றோடு போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, பூத்து, நீற்றிய சுண்ணாம்பு ஆகும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதுவேதான். மணலோடு அரைத்தால் சாந்து. இதுவரை எல்லோரும் படித்ததுதான்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நீற்றிய சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டருக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. ஆனாலும் ஈரச் சாந்தின் நுண்ணிய துளைகளில் நிற்கும் தண்ணீர் முழுவதும் அந்த அளவுக்குச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும். ஓவியர் வண்ணக் கல்லைப் பொடித்துத் தண்ணீரில் மட்டும் குழைத்து, ஈரம் காயாத மேல் பூச்சில் தீட்டுகிறார். சுவரின் மேற்பரப்பு உலர உலர, உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது. வரும்போது சுண்ணாம்பையும் சுமந்துகொண்டு வருகிறது. மேற்பரப்பில் படிந்திருக்கும் வண்ணத் துகள்களின் இடுக்குகளில் புகுந்து, அங்கே காற்றைச் சந்திக்கிறது. காற்றின் கார்பன் டை ஆக்சைடு அந்த நீர்ப்படலத்தில் கரைகிறது. கரைந்ததும் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் படிகமாகிறது. காளவாயில் எந்தக் கல்லை இழந்தோமோ அதே கல் மறுபடியும் பிறக்கிறது, இந்த முறை ஒவ்வொரு வண்ணத் துகளையும் சுற்றி வளைத்துக்கொண்டு.

ஆக, வண்ணம் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அது கல்லுக்குள் இருக்கிறது. கால்சியம் கார்பனேட் படிகம் ஒளியை ஓரளவு உள்ளே விடும் என்பதால், ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் காவி நிறம் ஈரம் காயாதது போல் தெரிகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஒரு டம்ளரில் இறுத்து, ஓரிரவு திறந்து வையுங்கள். காலையில் மேலே பாலாடை போல் மெல்லிய படலம் ஒன்று நிற்கும். விரல் பட்டால் நொறுங்கும். திரிபுராந்தகரின் எட்டுக் கைகளையும் பிடித்து வைத்திருப்பது இதே படலத்தின் கெட்டியான வடிவம்தான். (கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளிநீரும் கடும் காரம்.)

இந்த வினைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். சாந்து நீரில் ஊறிக் கிடந்தால் துளைகள் அடைபட்டுவிடும். தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. முழுக்கக் காய்ந்துவிட்டாலோ வாயு கரைவதற்கு நீர்ப்படலமே இருக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகிய நேரம்தான் ஓவியருக்குக் கிடைப்பது. மேலே படலம் இறுகிய பிறகு தீட்டினால் வண்ணம் வெறும் தூசியாகத் தங்கும். அதனால் அன்றன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே மேல் பூச்சைப் பூச வேண்டும். கோடு தவறினால் அழித்து எழுத முடியாது. விளக்கு வெளிச்சத்தில், தோளுக்குத் தோள் இடிக்கிற சந்தில் நின்று, ஒரே இழுப்பில் வரைந்த கோடுகள் அவை. வெயிலும் காற்றோட்டமும் குறைந்த அந்தச் சுற்றில் சாந்து மெதுவாக உலர்ந்திருக்கும் என்பது ஓவியருக்கு ஒரு சாதகம்.

உள்ளே இறுகுவது இன்னும் மெதுவாக நடக்கும். மேலே உருவான கல்லே உள்ளே போகும் வாயுவுக்குத் தடை. ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறுக ஒரு காலம் ஆகிறது என்றால், இரண்டு மில்லிமீட்டருக்கு அதைப்போல் நான்கு மடங்கும், பத்து மில்லிமீட்டருக்கு நூறு மடங்கும் ஆகும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டில் 44 கிராம் காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு. அறை வெப்பநிலையில் அது ஏறக்குறைய 25 லிட்டர். ராஜராஜன் காலத்துக் காற்றில் இந்த வாயு 10 லட்சம் பங்கில் சுமார் 280 பங்குதான். இன்று 420க்கு மேல். அப்படியானால் அந்த 100 கிராமுக்கு ஏறத்தாழ 90 கன மீட்டர் காற்றிலிருந்த வாயு முழுவதும் செலவாகியிருக்கும். 20 அடிக்கு 16 அடி அறையில் 10 அடி உயரத்துக்கு நிறைந்த காற்று அது. கைப்பிடிக்குள் அடங்கும் சாந்துக்கே ஓர் அறைக் காற்று!

குறுகிய சுற்றுக்குள் அவ்வளவு வாயு எங்கிருந்து வந்தது? வாசல் வழியாக வந்த காற்று ஒரு பங்கு. எரிந்த எண்ணெய் விளக்குகள் ஒரு பங்கு. உள்ளே வேலை செய்தவர்களின் மூச்சு ஒரு பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் அளவுக்கு இருக்கிறது, அன்றைய காற்றைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு கிலோ வெளிவிடுகிறார். சாரம் கட்டியவர், சாந்து பூசிய கொத்தனார், ஓவியர், விளக்குப் பிடித்தவர் என எல்லோருடைய மூச்சிலும் கொஞ்சம் அந்தச் சுவரில் கல்லாகியிருக்கிறது. இது கவிதைக்காகச் சொல்வதல்ல, வேதியியல். அந்தக் கார்பன் அந்தக் காலத்தினுடையது என்பதால்தான் பழைய சுண்ணாம்புச் சாந்தின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணக்கிட முடிகிறது. 1960களிலிருந்தே உலகில் இதைச் செய்துவருகிறார்கள். சாந்தில் சரியாகச் சுடப்படாத பழங்கல் துணுக்கு கலந்திருந்தால் வயது கூடுதலாகக் காட்டும், அதைப் பிரிப்பதுதான் சிரமம். நம் கோயில்களில் உதிர்ந்து விழுந்த துணுக்குகளைக் கொண்டே இந்த ஆய்வைப் பரவலாகச் செய்யலாம். கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் போடுகிற செலவில் ஒரு பங்கு சாந்து ஆய்வுக்குக் கிடைத்தால் போதும் என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

சுண்ணாம்பின் காரம் எல்லா வண்ணத்தையும் விட்டுவைக்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகிறதே, அதே வேலையைச் சுவரிலும் காட்டும். பூ, இலை, வேரிலிருந்து எடுத்த சாயங்களில் பெரும்பாலானவை ஈரச் சுண்ணாம்பில் நிறம் மாறும் அல்லது வெளுக்கும். மஞ்சட்காவி, செங்காவி, பச்சை மண், கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பு என்று மண்ணும் கல்லும் கரியுமே தாங்கும். நீலத்துக்கு லாபிஸ் லசூலி என்ற கல். பழங்காலத்தில் இதற்குப் பேர்போன சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானத்தின் பதக்‌ஷான் பகுதியில் இருந்தன. அமிலம் பட்டால் கெட்டுவிடும் அந்த நீலம் காரத்தில் அசையாது.

இவ்வளவு அழகான விளக்கம் இருக்க, ‘மூலிகைச் சாற்றின் ரகசியம்’, ‘மந்திர சக்தியால் அழியாத வண்ணம்’ என்று பரப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பவர்களும் இவர்களே. நிழல் விழுகிறது, போய்ப் பார்க்கலாம். மந்திரத்தின் கணக்கில் எழுதும்போது, சுண்ணாம்பின் பக்குவம் அறிந்த கொத்தனாரிடமிருந்தும் காரத்துக்குத் தாங்கும் கல்லைத் தேர்ந்த ஓவியரிடமிருந்தும் அவர்கள் பெருமையைப் பறிக்கிறோம்.

ஓவியத்தைக் கல்லாக்கிய வாயுவே அதைக் கரைக்கவும் செய்யும். பள்ளியில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதியது நினைவிருக்கும். முதலில் பால் நிறமாகும். நிறுத்தாமல் ஊதினால் மறுபடி தெளிந்துவிடும். கூடுதலான கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. மூடிய இடத்தில் கூட்டம் மூச்சுவிட, அந்த ஈரம் சுவரில் வியர்த்தால் இதுவே நடக்கும். பிரான்சின் லாஸ்கோ குகை 1963இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டதற்குப் பார்வையாளர்களின் மூச்சும் ஒரு காரணம். தஞ்சையின் உள்சுற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதில்லை. ‘எங்கள் கோயில் ஓவியத்தை நாங்களே பார்க்கக் கூடாதா’ என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் பூட்டியிருப்பதே சரி. நல்ல படங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றை இன்னும் பெரிதாக, ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்க வேண்டும்.

மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களை என்ன செய்தார்கள் என்ற கேள்வியும் வரும். அவையும் நம் செல்வம், சுரண்டி எறிய முடியாது. தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் அவற்றில் சிலவற்றைச் சாந்தோடு அப்படியே பெயர்த்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்துத் தனியே காட்சிக்கு வைத்தார்கள். முழுதாக இறுகிப்போன சோழர் மேற்பரப்பில் கரைந்து வெளிவரச் சுண்ணாம்பு அதிகம் மிச்சமில்லை. அதனால் பின்னால் பூசிய சாந்தோடு படிகம் பின்னிக்கொள்ள வழி குறைவு. நாயக்கர் பூச்சு தானாகவே உதிர்ந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இன்று மற்றக் கோயில்களின் சுவரோவியங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் சிமெண்டால் வருகிறது. சாந்து பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பினால், அது சுண்ணாம்புச் சாந்தைப்போல் ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் இருக்கும் தண்ணீர் பக்கத்திலுள்ள ஓவியத்தின் வழியாக வெளியேறும். சிமெண்டிலிருந்து கரைந்த உப்புகளும் கூடவே வரும். உலரும்போது அந்த உப்பு வண்ணப் படலத்துக்குப் பின்னால் படிகமாகி விரிந்து, வண்ணத்தைச் செதில் செதிலாகத் தள்ளும். உடைந்த ஓரத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் மட்டுமே கட்ட வேண்டும். வெள்ளையடித்த பழைய மண்டபத்தில் பூச்சு உரிந்து அடியில் நிறம் தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்கவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. சோழருக்குப் பிந்தைய ஓவியங்களில் பல பசை கலந்தவை, தண்ணீர் பட்டால் துணியோடு வந்துவிடும். திருப்பணி ஒப்பந்தம் போடும் முன்பே ஒரு பாதுகாப்பு வேதியியலாளரை அழைத்துச் சுவரைக் காட்டுவதை விதியாக்க வேண்டும்.