நுனி கருகினால் யூரியா கொட்டாதீர்கள்

இந்தப் பருவத்திலும் அதே கதைதான். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர் பாய்ச்சிய நெல்லில், நட்ட மூன்றாம் வாரம் நுனி கருகுகிறது. உடனே ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா. பச்சை திரும்பவில்லையா? "இன்னொரு மூட்டை போடலாங்களா சார்?" தருமபுரி, பாலக்கோடு, ஊத்தங்கரை, எங்கே போனாலும் இதே கேள்வி.

போடாதீங்க.

புரதம் கட்ட யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும், சரிதான். ஆனால் உப்பில் நிற்கும் பயிருக்குத் தழைச்சத்து தீர்ந்துபோகவில்லை, இருப்பதைப் புரதமாக்க முடியவில்லை. செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோமுக்குப் பொட்டாசியம் வேண்டும். அந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்தால் வேலை படுத்துவிடும். ஒளிச்சேர்க்கைக்கான ரூபிஸ்கோ என்ற நொதி குறையும். மிச்சத் தெம்பையும் செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செலவழிக்கும்: செல் உலராமலிருக்க டீஹைட்ரின் என்ற புரதம், நச்சு ஆக்சிஜனை அடக்க கேட்டலேஸ் என்ற நொதி. தூரும் மணியும் குறையாமல் என்ன செய்யும்? இதன்மேல் கொட்டும் யூரியா, சோடியம் ஏறி கார அமில நிலை 8.5 தாண்டிய களர் மண்ணில் அமோனியாவாகப் பறந்துவிடும். புரோலின், அமினோ அமிலம் என்று டானிக் விற்பவர்களும் இருக்கிறார்கள். புரோலினைச் செடி தானே தயாரித்துக்கொள்ளும்.

இலையைப் பாருங்கள். தழைச்சத்துக் குறை என்றால் அடியிலை முழுக்க வெளிறும், வயலே ஒரே சீராகத் தெரியும். உப்பு என்றால் திட்டுத் திட்டாக வரும். முதிர்ந்த இலையின் நுனி வெளுத்துக் காயும், குருத்து பச்சையாகவே நிற்கும். சோடியத்தைச் செடி பழைய இலைகளில் ஒதுக்குவதால்தான் அப்படி. வேரிலிருந்து மேலேறும் சோடியத்தை வழியிலேயே இழுத்துக்கொள்ளும் எச்.கே.டி 1;5 என்ற புரதம் சில ரகங்களில் வலுவாக வேலை செய்கிறது. நோனா போக்ரா என்ற நாட்டு நெல்லில் இதன் மரபணுவை 2005-இல் பிரித்தெடுத்தார்கள். நம் ஊரில் உப்பைத் தாங்கும் டி.ஆர்.ஒய். நெல் ரகங்களைக் கேளுங்கள்.

நெல் முளைக்கும்போது ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை நாற்றும் பூக்கும் பருவமும் தாங்காது. அதனால் நாற்றங்காலுக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள், 30 நாள் நாற்றை நடுங்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டினாலே நெல் விளைச்சல் சரியும். ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம். சோளம் 6.8 வரை தாங்கும். சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ் போடுங்கள்.

ஜிப்சம் களர் மண்ணுக்கு மட்டும்தான். அதையும் தூவி, நீர் தேக்கி, வடிகாலில் வெளியேற்றினால்தான் பலன். உப்பு மட்டும் தேங்கிய வெறும் உவர் மண்ணுக்கு நல்ல தண்ணீரில் அலசி வடித்தால் போதும். களரா உவரா என்று தெரியாமல் மூட்டை தூக்காதீர்கள். மோட்டாரை அரை மணி ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடித்து, மண்ணோடு சேர்த்து பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ கொண்டுபோங்கள், நாற்று விடுவதற்கு முன்பே.