ஓரியண்டல்: கீழ்த்திசை, கீழைத்தேயம், ஆசியவியல்

சென்னையில் 1869-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் தமிழ், வடமொழி, தெலுங்கு முதலிய பல மொழிகளின் சுவடிகள் உள்ளன. அதன் பெயரைச் சற்று நின்று படித்தால் ஒரு கேள்வி எழும். சென்னையில் நிற்பவருக்குக் கீழ்த்திசையில் இருப்பது வங்கக்கடல். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ எழுதப்பட்டு, அங்கேயே படிக்கப்பட்டு, பரண்களில் காக்கப்பட்ட ஓர் ஏடு யாருக்குக் கீழ்த்திசை ஏடு? லண்டனில் இருந்து பார்ப்பவருக்குத்தான். ‘ஓரியண்டல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் திசைப்பெயராகவே மாற்றி வைத்ததால் வந்த பெயர் இது. ஆசிய, ஆப்பிரிக்க மொழிகளையும் இலக்கியங்களையும் மரபுகளையும் ஆராயும் துறைக்கு நெடுங்காலம் பெயராக இருந்த இச்சொல் இடத்துக்கு இடம் வேறு பொருளில் வருகிறது. அதற்கு ஒரே தமிழ்ச் சொல்லை எங்கும் வைத்துவிட முடியாது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

இலத்தீனில் ‘ஓரிரி’ என்ற வினைக்கு எழுதல், தோன்றுதல் என்று பொருள். எழுகின்ற ஞாயிறு ‘ஓரியென்ஸ்’ எனப்பட்டது. அது எழும் திசையும், அத்திசையில் உள்ள நாடுகளும் அதே பெயரைப் பெற்றன. இந்தப் பார்வை இலத்தீனுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியர் அந்நாடுகளை ‘மோர்கன்லாந்து’, அதாவது காலை நாடு என்றனர். 1845-இல் தோன்றிய ஜெர்மானிய ஆய்வுச் சங்கம் இன்றும் அச்சொல்லைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. அரபியில் கிழக்கைக் குறிக்கும் ‘ஷர்க்’ என்ற சொல்லும் ஞாயிறு எழுவதைக் குறிக்கும் வேரிலிருந்தே வந்தது; அதனடியாகப் பிறந்த ‘இஸ்திஷ்ராக்’ என்பதுதான் அரபியில் இத்துறையின் பெயர்.

தமிழ் வேறு வழியில் சென்றது. ‘கிழக்கு’ என்பது ‘கீழ்’ என்பதன் அடியாகவும், ‘மேற்கு’ என்பது ‘மேல்’ என்பதன் அடியாகவும் பிறந்தவை. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே கிழக்கு நோக்கிச் சரியும் நிலம், அச்சரிவில் இறங்கி ஓடும் காவிரியும் வைகையும் பொருநையும்: இந்த நிலத்தில் வாழ்ந்தவன் தாழ்ந்த பக்கத்தைக் கீழ் என்றும் உயர்ந்த பக்கத்தை மேல் என்றும் சொன்னான். அவன் திசைக்குப் பெயர் வைத்தபோது ஞாயிற்றைப் பார்க்கவில்லை, காலடியில் நிலம் சாய்வதையே பார்த்தான். சங்கப் பாடல்களில் ‘குணக்கு’, ‘குடக்கு’ என்ற சொற்களும் இவ்விரு திசைகளுக்கு வழங்கின. புறநானூற்றின் ஆறாம் பாட்டு பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் புகழ் பரவும் எல்லையைச் சொல்லும்போது, கிழக்கெல்லையைக் ‘குணாஅது கரைபொரு தொடுகடற் குணக்கும்’ என்று கடலைக் காட்டியே வரையறுக்கிறது.

கீழ் என்பதற்குத் தாழ்வு என்ற பொருளும் இருப்பதால் ‘கீழைத்தேயம்’, ‘கீழ்த்திசை’ என்ற சொற்கள் நம்மை நாமே தாழ்த்திக்கொள்வது போல் ஒலிக்கின்றன என்று சிலர் வருந்துகின்றனர். இந்த வருத்தம் தேவையற்றது. தேரோடும் ஊர்களில் கோயிலுக்குக் கிழக்கே உள்ள தெருவைக் கீழவீதி என்கிறோம். அங்கே குடியிருப்பவர் யாரும் அப்பெயரில் இழிவு கண்டதில்லை. வேங்கியை ஆண்டவர்களைக் கீழைச் சாளுக்கியர் என்று எழுதும்போது வாதாபிச் சாளுக்கியரைவிட அவர்கள் குறைந்தவர்கள் என்று நாம் கருதுவதில்லை. ‘கீழை’, ‘மேலை’ என்ற பெயரடைகள் இத்தகைய இடங்களில் திசையையே சுட்டுகின்றன. ‘ஓரியண்டல்’ என்பதன் குறை வேறிடத்தில் இருக்கிறது: யார் எங்கே நின்று இதைக் கிழக்கு என்கிறார் என்பதை அது சொல்லாமல் மறைக்கிறது.

‘தேயம்’ பற்றியும் ஒரு சொல். வடமொழியின் ‘தேசம்’ தமிழ் ஒலிக்கு இசைந்து வந்த வடிவம் இது, வந்தது நேற்றன்று. குறுந்தொகையின் பதினோராம் பாட்டில் மாமூலனார், தலைவன் சென்றிருக்கும் நாட்டினரை ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்கிறார். மொழி மாறுகின்ற தேயம்! அந்தத் தொடரை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. வேற்று நாட்டை அவர் திசையால் சொல்லவில்லை, கடவுளால் சொல்லவில்லை, நிறத்தால் சொல்லவில்லை. அங்கே மொழி வேறு என்ற ஒன்றே அவருக்கு அதன் அடையாளம். பிற மொழிகளை ஆராயும் ஒரு துறைக்குப் பெயர் தேடும்போது இத்தொடரை மறந்துவிடக் கூடாது.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1312-இல் பிரான்சின் வியென் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் பாரிஸ், ஆக்ஸ்போர்டு முதலிய இடங்களில் எபிரேயம், அரபு, கல்தேயம் ஆகிய மொழிகளைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. நோக்கம் சமயம் பரப்புவது. பின்னர் வணிகமும் ஆட்சியும் சேர்ந்துகொண்டன. ஆங்கிலேய நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1784-இல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தை நிறுவினார். பாரிசில் 1795-இல் வாழும் கீழை மொழிகளுக்கான பள்ளியும் 1822-இல் ஆசியச் சங்கமும், லண்டனில் 1823-இல் அரச ஆசியச் சங்கமும் தோன்றின. கல்கத்தா, பாரிஸ், லண்டன் சங்கங்கள் மூன்றும் தம் பெயரில் ‘ஆசிய’ என்பதையே வைத்துக்கொண்டன என்பது கவனிக்கத்தக்கது. ‘ஓரியண்டல்’ என்பதற்கு மாற்று இப்போதுதான் வந்தது என்று எண்ணுவோர் பலர். மாற்று தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் இருந்தது.

இச்சொல்லின் எல்லை எவ்வளவு தளர்ந்தது என்பதை ஆப்பிரிக்காவை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். தமிழ் முஸ்லிம்கள் மாலைத் தொழுகையை மஃரிப் என்கிறார்கள். ஞாயிறு மறையும் வேளை, மறையும் இடம், அதனால் மேற்கு என்று அச்சொல்லுக்குப் பொருள் விரியும். அரபியில் மொரோக்கோ நாட்டின் பெயரும் அதுவே. நிலப்படத்தில் மொரோக்கோ பாரிசுக்கும் லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. தன்னைத் தானே மேற்கு என்று அழைத்துக்கொள்ளும், ஐரோப்பியத் தலைநகரங்களுக்கும் மேற்கே கிடக்கும் அந்நாட்டுக்கு 1832-இல் சென்று திரும்பிய ஓவியர் தெலக்ருவா தீட்டிய படங்கள் ‘ஓரியண்டலிச’ ஓவியங்கள் என்றே வகைப்படுத்தப்படுகின்றன. இங்கே கிழக்கு என்பது திசையே அன்று. ஐரோப்பா தன்னிடமிருந்து வேறு என்று கருதிய எல்லாவற்றுக்கும் அது ஒரு பொதுப்பெயர். பெர்லினில் 1887-இல் தொடங்கிய கீழை மொழிகள் பயிலகத்தில் கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலியும் கற்பிக்கப்பட்டது. ஜெர்மனி அங்கே குடியேற்ற நாடு அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. லண்டனில் 1916-இல் அரச சாசனம் பெற்ற கீழைத்தேயவியல் கல்லூரி, 1938-இல்தான் தன் பெயரில் ‘ஆப்பிரிக்க’ என்பதைச் சேர்த்துக்கொண்டது.

புதுச்சேரியில் தமிழ், வடமொழிச் சுவடிகளை ஆராயும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரும் இவ்வகையே. அப்பெயரை நேராகத் தமிழாக்கினால் ‘தூரக் கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி’ என்று வரும். புதுச்சேரிக் கடற்கரையில் நின்றுகொண்டு புதுச்சேரியைத் தூரக் கிழக்கு என்று எவரும் சொல்ல மாட்டார். பாரிசிலிருந்து அளந்த தூரம் அது.

பெயர் மறைத்தவற்றுள் என்னை மிகவும் உறுத்துவது மனிதர்கள். சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவையல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்பதை 1816-இல், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கு எழுதிய குறிப்பில் காட்டினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை அடுத்தடுத்து வைத்து எல்லிஸ் ஒப்பிட்டார். தெலுங்கு வேர்ச்சொற்பட்டியலைத் தொகுத்துக் கொடுத்தவர் சென்னைக் கல்லூரியின் ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி. மாமிடி வெங்கய்யாவின் அகராதி முயற்சியும் துணை நின்றது. நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளுக்குப் பின்னே காவலி வெங்கட போரய்யாவும் அவருடைய உடன்பிறந்தாரும் இருந்தார்கள். எல்லிசும் மெக்கன்சியும் ‘ஓரியண்டலிஸ்ட்’ எனப்பட்டார்கள். மற்றவர்கள் பண்டிதர், முன்ஷி, உதவியாளர். அதே வேலையைச் செய்தவருக்கு அதே பெயர் கிடைக்கவில்லை, ஏனெனில் அப்பெயர் வெளியிலிருந்து பார்ப்பவருக்கே உரியதாக இருந்தது.

இந்தப் பிரிவு பிற்காலத்திலும் தொடர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்துத் தேறியவர்கள் பெயருக்குப் பின்னால் ‘பி.ஓ.எல்.’ என்று போட்டுக்கொண்டார்கள். விரித்தால் ‘ஓரியண்டல் லேர்னிங்’ பட்டம். பழைய நூல்களின் முகப்புத்தாளில் வித்துவான் என்ற பட்டத்தின் அருகே அந்த மூன்று எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம், தமிழ்நாட்டில் தமிழ் கற்றவர் தம் கல்விக்கு அயலாருடைய திசைப்பெயரைத் தாங்க நேர்ந்ததை நினைத்து மனம் கனக்கும்.

இனி, சொல்லின் பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1835-ஐ ஒட்டி இந்தியக் கல்வி பற்றி நடந்த வாதத்தில் ‘ஓரியண்டலிஸ்ட்’ என்றால், அரசுப் பணத்தை வடமொழி, அரபு, பாரசீகக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்ற அணியினர்; ஆங்கிலக் கல்வியை ஆதரித்த மெக்காலே இவர்களின் எதிரணி. இவர்களைக் ‘கீழைக்கல்வி ஆதரவாளர்’ என்று எழுதுவதே தெளிவு. பொதுவாக ஆய்வாளரைக் குறித்தால் ‘கீழைத்தேயவியலாளர்’ பொருந்தும். பாலஸ்தீனரான எட்வர்ட் சயீத் 1978-இல் தம் நூலுக்கு ‘ஓரியண்டலிசம்’ என்று பெயரிட்டபோது சொல் முற்றிலும் வேறு பொருள் கொண்டது: கிழக்கை மாறாதது, பகுத்தறிவற்றது, ஆளப்பட வேண்டியது என்று சித்திரித்து, அச்சித்திரிப்பால் ஆதிக்கத்துக்குத் துணைபோன சிந்தனை முறை. இந்தியாவில் ஆட்சி செய்யாத ஜெர்மனியின் அறிஞர்களை அந்நூல் பெரும்பாலும் விட்டுவிட்டது என்ற மறுப்பு வலுவானது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் இலக்கணம் எழுதிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவை நினைப்பவர்களுக்கு அதன் பொருள் உடனே விளங்கும். ஆயினும் சயீத் தந்த பொருளே இன்று முன் நிற்கிறது.

இதைத் தமிழில் ‘கீழைத்தேயவியல்’ என்று எழுதுவோர் உண்டு. அது குழப்பம் தரும். உளவியல், மானிடவியல் என்பவற்றில் ‘இயல்’ ஓர் அறிவுத்துறையைக் குறிக்கிறது. ஒரு நிலைப்பாட்டைக் குறிக்கப் பெண்ணியம், மார்க்சியம் என ‘இயம்’ சேர்ப்போம். ஆனால் ‘தேயம்’ என்றே முடியும் சொல்லோடு அது ஒட்டாது. ஆகவே துறைக்குக் ‘கீழைத்தேயவியல்’, சயீத் கண்டித்த சிந்தனை முறைக்குக் ‘கீழைத்தேயவாதம்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மயங்கா.

1873-இல் பாரிசில் தொடங்கிய கீழைத்தேயவியலாளர் உலக மாநாடு, நூறாண்டு கழித்து அதே நகரில் கூடி அப்பெயரைக் கைவிட்டது. கேம்பிரிட்ஜ் 2007-இலும் ஆக்ஸ்போர்டு 2022-இலும் தம் புலத்தின் பெயரை ‘ஆசிய, மத்தியக் கிழக்கு ஆய்வுகள்’ என்று மாற்றின. சிகாகோவின் ஓரியண்டல் நிறுவனம் 2023-இல் ‘பண்டைப் பண்பாடுகள் ஆய்வு நிறுவனம்’ ஆனது. ‘மத்தியக் கிழக்கு’ மட்டும் எஞ்சி நிற்கிறது. தமிழில் அதனை ‘மேற்காசியா’ என்று எழுதலாம், அதுவே சரியான புவியியல் பெயர்.

இன்றைய ஆய்வைப் பற்றி எழுதும்போது ‘ஆசியவியல்’, ‘ஆப்பிரிக்கவியல்’ என்பவை போதும். ஆனால் அவையும் பெரிய கூடைகளே. எத்தியோப்பியாவின் கீயஸ் மொழிச் சுவடி படிப்பவருக்கும், அரபு எழுத்தில் எழுதப்பட்ட சுவாகிலிச் செய்யுளைப் பதிப்பிப்பவருக்கும், அகநானூற்று ஏடுகளில் பாடவேறுபாடு காண்பவருக்கும் பொதுவானது சுவடி படிக்கும் பயிற்சிதான். திசையோ கண்டமோ அன்று. எனவே இயன்ற இடத்திலெல்லாம் கீயஸ் ஆய்வு, சுவாகிலி ஆய்வு, தமிழாய்வு என்று மாமூலனார் காட்டியபடி மொழியின் பெயரையே சொல்லிவிடுவது நல்லது. நிறுவனங்களின் பழைய பெயர்களை மட்டும் திருத்தாமல் அவ்வாறே எழுத வேண்டும்: கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் என்பது அந்நூலகத்தின் பெயர், அங்கே இருக்கும் ஏட்டைக் குறிப்பிடும்போது, அது தமிழ்ச் சுவடி.