இ.ஆர்.சி.பி.: தமிழில் எப்படிச் சொல்வது?

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அடுத்த வீட்டு மாமி போன வாரம் ஒரு ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாமாவுக்கு ஏற்கெனவே கல்லீரல் சுருக்க நோய், இப்போது மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொண்டது. டாக்டர் இந்தியில் "பத்தரி", அதாவது கல், என்றாராம், படிவத்திலோ இ.ஆர்.சி.பி. என்று இருக்கிறது, மாமி "கல்லீரலில் கல்லாம்" என்று கலங்குகிறார். கல் இருப்பது பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்கும் குழாயில்.

இ.ஆர்.சி.பி.யின் முழுப்பெயர் எண்டோஸ்கோப்பிக் ரெட்ரோகிரேடு கோலாஞ்சியோபான்கிரியாட்டோகிராபி. கிரேக்கத்தில் எண்டோன் உள்ளே, ஸ்கோப்பைன் பார்ப்பது, ஆக, அகநோக்கி. ரெட்ரோகிரேடு லத்தீன், பின்னோக்கிச் செல்வது. பித்தம் கீழே இறங்குகிறது, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை வாய்வழியாக முன்சிறுகுடல் வரை போன அகநோக்கிக் குழாயிலிருந்து அதற்கு எதிராக மேலே ஏற்றுகிறார்கள், அதனால் "எதிரோட்ட" என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கோலே பித்தம், பான்கிரியாஸ் கணையம், கிராபி வரைவு.

இந்த "வரைவு"தான் குழப்புகிறது. 1968ல் முதன்முதலாகச் செய்தபோது எக்ஸ்ரே படம் எடுப்பதுதான் நோக்கம். 1974ல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் நாளத்தின் வாயை வெட்டிக் கல்லை எடுக்கத் தொடங்கினார்கள். இன்று படத்துக்கு எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது, இ.ஆர்.சி.பி. பெரும்பாலும் சிகிச்சைக்குத்தான். பெயர் மட்டும் மாறவில்லை. மாமியும் "ஸ்கேன் மாதிரிதானே?" என்றுதான் கேட்டார். அதனால் "பித்தநாள வரைவியல்" என்று எழுதாமல், கல்லுக்காகச் செய்யும்போது "அகநோக்கிவழிப் பித்தநாளக் கல் நீக்கம்" என்றே எழுதுங்கள்.

அப்புறம் ஸ்பிங்க்டர், பித்தநாளம் குடலில் திறக்கும் வாயைச் சுற்றியிருக்கும் தசை. கிரேக்கத்தில் இறுக்கிக் கட்டுவது என்ற வேரிலிருந்து வந்தது; தமிழில் சுருக்குத்தசை, பாட்டி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையின் வாய் மாதிரி. கல்லை எடுக்க அந்த வாயை வெட்டலாம், இல்லை பலூனால் விரிக்கலாம். மாமா மாதிரி நோயாளிக்கு இந்த இரண்டு சொல்லும் ரொம்ப முக்கியம்: ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது கல்லீரல், அது நலிந்தால் அவை குறையும், இந்த நோயில் வீங்கிய மண்ணீரலோ ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே வெட்டினால் ரத்தக்கசிவு அபாயம் கூடுதல். நோய் முற்றியவர்களுக்குப் பல சமயம் விரிப்பதையே தேர்ந்தெடுப்பது இதனால்தான். விரிப்பதிலும் கணைய அழற்சி வரலாம், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் "வெட்டா, விரிப்பா?" என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் டாக்டரிடம் மாமி முதலில் கேட்டது அதைத்தான்.